எலுமிச்சை பேட்டரியும் ஒரு எடைக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபது ஆகும். சாப்பாடு தயாராக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று சமையல் பொறுப்பில் இருக்கும் நண்பரிடம் கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வேதியியல் துறை மாணவர்கள் மூன்று பேர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஜூஸ் கடைகளில் கொட்டும் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை அரைத்து, அந்தப் புளிப்பை வைத்தே சுற்றுச்சூழலைக் கெடுக்காத பேட்டரி செய்வது. அதில் எரியும் சின்ன விளக்குகளைத் தெருவோர வியாபாரிகளுக்குக் கொடுப்பது. இதற்கு 75 ஆயிரம் ரூபாய் வேண்டும் என்பது விண்ணப்பம். நம் பொருளாளருக்கு மனசு இருக்கிறது, ஆனால் சந்தேகமும் இருக்கிறது. "நீதானே முப்பது வருஷம் பேட்டரி கம்பெனியில் குப்பை கொட்டினாய், நீயே பார்த்துச் சொல்லு" என்று என்னைத் தள்ளிவிட்டார். லாரிக்கும் காருக்கும் போடுகிற ஈய பேட்டரி செய்யும் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குள்ள தகுதி அது அல்ல. வேறொன்று. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதல்லவா? அதில் இரண்டாவது தட்டில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை இருக்கும். வெள்ளி இல்லை, முலாம்தான். "1978, அறிவியல் கண்காட்சி, முதல் பரிசு, எலுமிச்சையிலிருந்து மின்சாரம்" என்று அதன் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பரிசை வாங்கியவன் நான்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. எட்டு எலுமிச்சம்பழம். பழைய டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளின் மேல்தாளைப் பிய்த்தால் உள்ளே துத்தநாகக் குவளை இருக்கும், அதை வெட்டி எட்டுத் தகடு. மோட்டார் காயில் கட்டும் கடையில் கெஞ்சி வாங்கிய தடித்த செம்புக் கம்பி எட்டுத் துண்டு. ஒவ்வொரு பழத்திலும் ஒரு தகடு, ஒரு கம்பி. நாலு நாலாகக் கோர்த்து இரண்டு வரிசை. இப்போதுபோல எல்.இ.டி. விளக்கு அப்போது எங்கள் கைக்குக் கிடைக்காது. டார்ச் பல்பு இதில் எரியவே எரியாது, அதற்கு வேண்டிய கரண்ட் அப்படி. ஆகவே ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்து நானே கட்டிய ரேடியோ ஒன்றை மாட்டினேன். காதில் வைத்துக் கேட்கிற இயர்போன். திருநெல்வேலி வானொலி கேட்டது! வந்தவர்கள் வரிசையில் நின்று, காதில் வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, சிரித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தலைக்கு மேலே பெரிய எழுத்தில் நான் எழுதி வைத்திருந்த தட்டி: "எரிபொருள் தேவையில்லை! பழத்தில் இருக்கிறது மின்சாரம்!" பரிசு கொடுத்த பெரியவர், நாட்டின் மின்வெட்டுப் பிரச்சினைக்கே விடை கிடைத்துவிட்டது என்று பேசினார். நானும் நம்பினேன். பத்தொன்பது வயசு.

திங்கட்கிழமை காலை லேபில் சார் கூப்பிட்டார். சார் இப்போது இல்லை. அவரிடம் படித்தவர்களுக்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குரல் இப்போதும் காதில் இருக்கும். கோப்பையைப் பார்க்கவேயில்லை.

"என்னடே, அந்தத் துத்தநாகத் தகட்டை எடை போட்டியா?"

"இல்லை சார்."

"முன்னாலயும் போடலை, பின்னாலயும் போடலை?"

"இல்லை சார்."

"பின்ன எப்படி பழத்திலிருந்துதான் கரண்ட் வந்ததுன்னு எழுதினே?"

எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கு மத்தியானம் நாலு சின்னச் சோதனைகள் செய்ய வைத்தார். இங்கே இருக்கும் மாணவர்கள் அதை அப்படியே செய்து பார்க்கலாம், ஒரு மணி நேரம் போதும். ஒரே எலுமிச்சம்பழம். முதலில் துத்தநாகமும் செம்பும்: ஏறக்குறைய 0.95 வோல்ட். துத்தநாகத்தை எடுத்துவிட்டு இரும்பாணி: பாதியாகக் குறைந்தது. இரும்பை எடுத்துவிட்டு மக்னீசியம் நாடா: ஒன்றரைக்கு மேலே போனது. மக்னீசியத்தை எடுத்துவிட்டு இன்னொரு செம்புக் கம்பி, அதாவது இரண்டு பக்கமும் செம்பு: முள் அசையவில்லை. பழம் அதே பழம்தான். அதற்குப் பிறகு பழத்தை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் துத்தநாகத்தையும் செம்பையும் வைக்கச் சொன்னார். கொஞ்சம் முன்னே பின்னே, ஆனால் கிட்டத்தட்ட அதே வோல்ட்.

"உலோகத்தை மாத்தினா வோல்ட் மாறுது. பழத்தை மாத்தினா பெரிசா மாறலை. இப்ப சொல்லு, எரிபொருள் எது?"

நண்பர்களே, இந்தக் கேள்வி இருநூறு வருஷத்துக்கு முந்தையது. கால்வானி என்ற இத்தாலிய உடற்கூறு ஆசிரியர், செத்த தவளையின் காலில் இரண்டு உலோகங்கள் பட்டபோது கால் துடித்ததைப் பார்த்து, மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். அதே நாட்டுக்காரர் வோல்டா, தவளை வெறும் ஈரமான இணைப்புதான், காரணம் உலோகங்கள் என்றார். தவளையை விட்டுவிட்டுத் துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை என்று அடுக்கி, 1800 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உலகின் முதல் பேட்டரி அதுதான். வோல்டா சொன்னதிலும் பாதிதான் சரி, உலோகம் தொட்டால் மட்டும் போதாது, அங்கே ஒரு வேதிவினை நடக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் நான் 1978-இல் தட்டி எழுதியபோது வோல்டாவுக்கும் முன்னால் போய், கால்வானி பக்கம் நின்றேன். தவளைக்குப் பதில் எலுமிச்சை, அவ்வளவுதான்.

நடப்பது இது. துத்தநாகம் கரைகிறது. கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவை கம்பி வழியே செம்புக்கு ஓடி, அங்கே பழத்தின் அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து வாயுவாக வெளியேறுகின்றன. செம்பின் மேல் சின்னச் சின்னக் குமிழி தெரியுமே, அது. ஆகவே அமிலத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், அயனிகள் நடக்க வழி வேண்டும். அந்த இரண்டையும் பழம் செய்கிறது. ஆனால் அடுப்பில் எரிகிற விறகு துத்தநாகம்தான். பழம் காற்று மாதிரி.

இதைப் புரிந்துகொள்ள காலேஜ் கூட வேண்டாம் என்று சார் சொன்னார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது எப்போதும் தெரியும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைக்க விடுவார்களா? புளி பட்டால் களிம்பேறும், உலோகம் ரசத்தில் இறங்கும். ஊறுகாயை ஜாடியில் போடுவதும் அதற்குத்தான். விளக்கு தேய்க்கப் புளி எடுப்பதும் அதே குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வதுதான். புளிப்பு உலோகத்தைத் தின்னும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு எடை. ஆய்வுக்கூடத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமே, மூச்சு விட்டால் ஆடுகிற தராசு. எலுமிச்சைச் சாற்றை டம்ளரில் ஊற்றி, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, எடை போட்டு, 24 மணி நேரம் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் ஓட விட்டோம். ஃபாரடே விதிப்படி ஒரு கிராம் துத்தநாகம் முழுக்கக் கரைந்தால் 820 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் தகடு 29 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 41. மிச்சம் 12 மில்லிகிராம் கரண்ட் கொடுக்காமல் சும்மா அமிலத்தில் அரித்துப்போனது. டார்ச் கட்டைத் துத்தநாகம் சுத்தமானதல்ல. அதில் உள்ள மற்ற உலோகத் துணுக்குகள் ஆங்காங்கே குட்டிக் குட்டி பேட்டரிகளாக இருந்து தகட்டைத் தின்கின்றன. இந்த அரிப்பைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் பேட்டரிக்குள் பாதரசம் பூசினார்கள். அந்தப் பாதரசம் குப்பைமேட்டில் செய்த வேலை தனிக் கதை.

"இந்தக் கணக்கை நீ தட்டியில போட்டிருந்தா பரிசு கிடைச்சிருக்காது. ஆனா அது வேதியியல்" என்றார் சார். அட்டையை மாற்றி எழுதி வை என்றும் சொன்னார். சரி சார் என்றேன். மாற்றவில்லை. பரிசு ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று படிப்பே முடிந்துவிட்டது. அந்த அட்டை இன்றும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை வருஷமாக எத்தனை பேர் அதைப் படித்தார்களோ.

இன்று காலை சீக்கிரமே வந்து அந்த மூன்று மாணவர்களின் வேலையைப் பார்த்தேன். இரண்டு பெண்கள், ஒரு பையன். ரொம்பச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். ஐஸ் டிரேயில் முப்பது குழி. அரைத்த தோல் விழுது. ஒவ்வொரு குழியிலும் ஒரு துத்தநாகப் பட்டை, ஒரு செம்புப் பட்டை. ஆறு ஆறாகக் கோர்த்து ஐந்து வரிசை. ஒரு வெள்ளை எல்.இ.டி. எரிகிறது. விழுதை வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள், அது நல்ல யோசனை. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் 2010-இல் உருளைக்கிழங்கை எட்டு நிமிஷம் வேகவைத்துச் செய்து காட்டினார்கள். வெந்தால் செல் சவ்வுகள் உடைந்து, உள்ளே அயனி நடப்பது சுலபமாகிறது, கிடைக்கும் மின்திறன் பல மடங்கு கூடுகிறது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தார் வாழைத்தண்டை வேகவைத்து நறுக்கி, காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, ஒற்றை எல்.இ.டி.யை 500 மணி நேரத்துக்கு மேல் எரிய வைத்திருக்கிறார்கள். வாழைத்தண்டு சும்மா கிடைக்கிறது, தூக்கி எறிகிறோம் என்பதுதான் அவர்கள் அதை எடுத்ததற்குக் காரணம். அதில் தவறில்லை. கரண்ட் கம்பி போகாத இடத்தில், இருட்டில், ஒரு சின்ன வெளிச்சம் பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் துத்தநாகம் வேண்டும்.

போஸ்டரைப் பார்த்தேன். "100 மணி நேரம்! கழிவிலிருந்து ஒளி! மாசு இல்லை!" என் தட்டியை நானே மறுபடி படிக்கிற மாதிரி இருந்தது.

கேட்டுவிட்டேன். "தகடுகளை எடை போட்டீங்களாம்மா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெண்களில் ஒருத்தி மெதுவாக, "போட்டோம் சார். நோட்டில் இருக்கு. போஸ்டரில் போடலை" என்றாள்.

"ஏன் போடலை?"

"போட்டா பணம் தரமாட்டீங்கன்னு நினைச்சோம் சார்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நான் எடை போடவே இல்லை. இந்தப் பெண் போட்டு, ஒளித்து வைத்திருக்கிறாள். யார் மேல் தப்பு என்று யோசித்தால், பரிசும் பணமும் கொடுக்கிற எங்கள் பக்கம்தான் அதிகம் என்று தோன்றுகிறது. மினுமினுக்கிற தட்டிக்குத்தானே நாம் இத்தனை காலம் கோப்பை கொடுத்தோம்?

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் அனுமதியோடு கணக்கைச் சொல்கிறேன். விளக்குக்குப் போன கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர், சுமார் 2.8 வோல்ட்டில், 100 மணி நேரம். பெருக்கினால் 0.28 வாட்-மணி. பெட்டிக்கடையில் விற்கிற ஒரு சின்ன பென்டார்ச் கட்டையில் இருப்பதில் பாதிகூட இல்லை. முப்பது பட்டையும் சேர்ந்து இழந்த துத்தநாகம் 2.9 கிராம். ஃபாரடே கணக்குப்படி கரைய வேண்டியது 0.73 கிராம்தான். அதாவது நாலில் ஒரு பங்குதான் விளக்குக்குப் போனது. முக்கால் பங்கை எலுமிச்சை சும்மா தின்றுவிட்டது.

இதை ஒரு செல்போனுக்கு நீட்டிப் பார்ப்போம். இப்போதைய போன் ஒன்றின் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி. ஒரு தடவை முழுசாக ஏற்ற, இந்த மாதிரி ஐஸ் டிரே குழி 2,000-க்கு மேல் வேண்டும், நாலு நாள் காத்திருக்க வேண்டும், 200 கிராம் துத்தநாகம் கரைந்துபோகும். துத்தநாகம் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல். ஆக நாற்பது ரூபாய்க்குக் குறையாத உலோகத்தைக் கரைத்து, வீட்டுச் சுவரில் சொருகினால் இருபது பைசாகூட ஆகாத மின்சாரத்தை எடுக்கிறோம்.

போகட்டும், காசு பெரிதில்லை, சுற்றுச்சூழல்தான் முக்கியம் என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கவலையே. துத்தநாகம் மரத்தில் காய்ப்பதில்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாவர் என்ற ஊரில், ஐரோப்பாக்காரன் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே மண் குடுவைகளில் துத்தநாகம் வடித்தார்கள். அந்தக் குடுவைகள் இன்றும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. இப்போது தாதுவை வறுத்து, கரைத்து, மின்சாரம் பாய்ச்சித்தான் பிரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 3 யூனிட் போல ஆகும். அதே ஒரு கிலோவை எலுமிச்சையில் வைத்து, ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் முக்கால் யூனிட்தான் திரும்ப வரும். போட்ட மின்சாரத்தில் கால் பங்கைத்தான், சுற்றி வளைத்து, பழச்சாற்றில் நனைத்துத் திரும்ப எடுக்கிறோம்.

இன்னொன்று. அவர்களின் திட்டத்தில், பயன்படுத்திய விழுதைத் தோட்டத்து உரக்குழியில் போடுவதாக எழுதியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது இனிமேல் எலுமிச்சைத் தோல் அல்ல; கரைந்த துத்தநாகம் அதில் இருக்கிறது. கொஞ்சம் துத்தநாகம் மண்ணுக்கு நல்லதுதான், நெல்லுக்கே போடுகிறோம். அளவில்லாமல் ஒரே குழியில் கொட்டினால் வேரைக் கருக்கும். ஆடு மாட்டுக்கும் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவர்கள், காட்டி முடித்ததும் அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் குடிக்க விடாதீர்கள். நான் 1978-இல் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டு நாள் வாயில் காசை வைத்த மாதிரி ருசி.

அப்படியானால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாமா? பொருளாளர் முகத்தில் அந்தக் கேள்வி தெரிகிறது. கூடாது என்பதுதான் என் கருத்து. பழத்தை எரிபொருள் என்று எண்ணியதுதான் பிழை. அதன் உண்மையான குணம் எது என்று பார்த்தால் வேறு வாசல் திறக்கிறது.

புளிப்பு உலோகத்தைத் தின்னும் என்றேனே. செத்துப்போன செல்போன் பேட்டரிக்குள் கோபால்ட், நிக்கல், லித்தியம், மாங்கனீஸ் எல்லாம் ஆக்ஸைடாகக் கிடக்கின்றன. அவற்றைக் கரைத்தெடுக்கத் தொழிற்சாலையில் கடுமையான அமிலமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஊற்றுவார்கள். அமிலம் மட்டும் போதாது. கோபால்ட்டை அதன் பிடிவாதமான நிலையிலிருந்து இறக்க, எலக்ட்ரான் கொடுக்க ஒருவர் வேண்டும், அதற்குத்தான் பெராக்ஸைடு. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை மாதவி ஸ்ரீநிவாசனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2020-இல் ஒரு காரியம் செய்தார்கள். ஆரஞ்சுத் தோலை அடுப்பில் காய வைத்துப் பொடித்து, சிட்ரிக் அமிலத்தோடு சேர்த்து, அரைத்த பழைய பேட்டரிப் பொடியில் போட்டார்கள். ஏறக்குறைய 90 சதவீத உலோகம் கரைந்து வந்துவிட்டது. தோலில் இருக்கும் செல்லுலோஸ் சூட்டில் சர்க்கரையாக மாறி, பெராக்ஸைடு செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று கைகள். கரைந்த உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மீட்ட உலோகத்தில் புது பேட்டரியும் செய்து காட்டினார்கள். விளக்குத் தேய்க்க எங்கள் பாட்டி எடுத்த புளிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்று எனக்குப் பட்டது.

இங்கே பழத்தோல் உலோகத்தைச் செலவழிக்கவில்லை, மீட்கிறது. வித்தியாசம் அதுதான்.

நம் நாட்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்துவிட்டன. பேட்டரி விற்கிறவரே பழையதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. ஆனால் தெருமுனைப் பழைய பேப்பர் கடைகளில் இன்னும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஈய பேட்டரியை உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புகைக்குப் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் நான் சம்பளம் வாங்கிய தொழிலின் மறுபக்கம் அது.

ஆகவே மாணவர்களிடம் நான் சொன்னது இது. லித்தியம் பேட்டரியை நீங்கள் உடைக்க வேண்டாம். ஆணி பட்டால் தீப்பிடிக்கும், அது கல்லூரி ஆய்வுக்கூடத்து வேலையில்லை. அதற்குப் பதில் சாதாரண டார்ச் கட்டையை எடுங்கள், ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடுகிறோமே, அது. உள்ளே கறுப்புப் பொடி, பெரும்பாலும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடும் கரியும். நம் ஊரில் அதைக் குப்பையில்தான் போடுகிறோம். உங்கள் தோல் விழுது அந்த மாங்கனீஸை எவ்வளவு கரைக்கிறது, எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை மணி நேரத்தில்? வெறும் சிட்ரிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் தோல் சேர்ப்பதால் எவ்வளவு கூடுகிறது? புளியங்கொட்டையை எடுத்தபின் மிஞ்சும் புளிச் சக்கையில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, அது என்ன செய்கிறது? கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேலை. மாதிரிகளைச் சரிபார்க்கக் காரைக்குடி சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். மின்வேதியியலுக்கென்று நாடு முழுவதற்குமாக உண்டான ஆராய்ச்சிக்கூடம் நம் செட்டிநாட்டில் இருக்கிறது. நாம் ஒரு கடிதம்கூடப் போடுவதில்லை.

விளக்குதான் வேண்டும், கழிவிலிருந்துதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் அது சாண எரிவாயு வழி. கோயம்பேட்டில் 2005-இல் நாளுக்கு 30 டன் மார்க்கெட் கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். ஒரு கன மீட்டர் வாயு கிடைத்தால் இரண்டு யூனிட் போல எடுக்கலாம். ஆனால் எலுமிச்சைத் தோலை அதில் அதிகம் போட முடியாது. தோல் எண்ணெய் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும். பலாச் சக்கையைக் கரியாக்கி மின்தேக்கி செய்யலாம் என்று சிட்னி பல்கலைக்கழகத்தில் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். பண்ருட்டிக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் கவனிக்கவும்.

பொருளாளர் அவர்களுக்கு: 75 ஆயிரத்தையும் கொடுங்கள் என்பது என் சிபாரிசு. அதில் முதல் செலவு ஒரு நல்ல மின்னணுத் தராசாக இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் இருப்பது காற்றாடிக்குக் கீழே வைத்தால் தானாகவே எடை காட்டுகிறது. எடைக் கணக்கு போஸ்டரில் முதல் வரியாக வர வேண்டும், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும். இது நிபந்தனை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் போதவில்லை என்றால் மிச்சத்தை நான் தருகிறேன்.

முதல்வர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கண்ணாடி அலமாரியின் சாவி ஆபீஸில் இருக்கிறதாம். சாப்பிட்டதும் அதைத் திறக்க அனுமதி வேண்டும். கோப்பை இருக்கட்டும். அட்டையை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஒன்று வைக்கப் போகிறேன், எழுதியே கொண்டுவந்துவிட்டேன், சட்டைப் பையில் இருக்கிறது: "துத்தநாகத்திலிருந்து மின்சாரம். எலுமிச்சை உதவியது. 24 மணி நேரத்தில் தகடு 41 மில்லிகிராம் குறைந்தது."

சாம்பார் வாசனை வந்துவிட்டது.